விடை இடிக்கிறதா? பல லூப் மின்சுற்றுக் கணக்கில் பிழையை அறிகுறி வைத்துப் பிடிப்பது

இரண்டு பேட்டரி, மூன்று மின்தடை, இரண்டு லூப். கிர்க்காஃப் விதிகள் இரண்டும் மனப்பாடம்: கம்பிகள் கூடும் சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம்; மூடிய பாதையான லூப்பை ஒரு சுற்று வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டல் சுழியம். கணக்கையும் போட்டு முடித்தாயிற்று. விடை மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் நிறைய பேர் தாளைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது பெரும்பாலும் வீண் வேலை. கூட்டல் கழித்தல் குறி தப்பிய இடத்தில் இரண்டாம் தடவையும் அதே கை அதே குறியைத்தான் போடும்.

தப்பான விடையை அடித்துவிடாமல் வைத்திருங்கள். எந்தச் சமன்பாட்டில் எந்த உறுப்பு கோணலாகப் போனது என்பதை அந்த எண்களிடமிருந்தே கறந்துவிடலாம். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு மாதிரிச் சுற்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் அதை மட்டும் முதலில் வரைந்துகொள்ளுங்கள்.

மாதிரிச் சுற்று

மேலே ஒரு சந்தி, கீழே ஒரு சந்தி. இரண்டையும் மூன்று கிளைகள் இணைக்கின்றன. இடது கிளையில் 12 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும். வலது கிளையில் 5 வோல்ட் பேட்டரியும் 3 ஓம் மின்தடையும். இரண்டு பேட்டரிகளுக்கும் நேர்முனை மேல்பக்கம். நடுக் கிளையில் வெறும் 8 ஓம். பேட்டரிகளுக்கு அக மின்தடை இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இடது கிளையில் மேல்நோக்கி ஐ1, வலது கிளையில் மேல்நோக்கி ஐ2, நடுக் கிளையில் கீழ்நோக்கி ஐ3 என்று அம்புக்குறி போடுங்கள். சமன்பாடுகள் மூன்று:

மேல் சந்தி: ஐ1 + ஐ2 = ஐ3
இடது லூப்: 12 − 2ஐ1 − 8ஐ3 = 0
வலது லூப்: 5 − 3ஐ2 − 8ஐ3 = 0

விடை: ஐ1 = 2 ஆம்பியர், ஐ2 = −1 ஆம்பியர், ஐ3 = 1 ஆம்பியர்.

குறி போடும் முறை ஒன்றே ஒன்றுதான். லூப்பில் நடந்து போகும்போது மின்னழுத்தம் ஏறினால் கூட்டு, இறங்கினால் கழி. மின்தடையில் அம்புக்குறியின் திசையிலேயே நடந்தால் இறக்கம், எதிர்த்து நடந்தால் ஏற்றம். பேட்டரியில் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போனால் ஏற்றம், மறுபக்கம் போனால் இறக்கம். பேட்டரிக்கு மின்னோட்டத்தின் திசையைப் பார்க்கவே கூடாது. பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். மின்தடைக்குப் பார்ப்பது அம்புக்குறி, பேட்டரிக்குப் பார்ப்பது முனை. இரண்டையும் குழப்பினால் பின்னால் வரும் அறிகுறிகளில் ஏதாவது ஒன்று நிச்சயம் தலைகாட்டும்.

அறிகுறி: மின்னோட்டம் கழித்தல் குறியோடு வருகிறது

இது கோளாறே இல்லை. நீங்கள் வரைந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் மின்னோட்டம் போகிறது, அவ்வளவுதான். மாதிரிச் சுற்றில் ஐ2 = −1 என்றால் வலது கிளையில் 1 ஆம்பியர் கீழ்நோக்கிப் போகிறது. அதாவது 5 வோல்ட் பேட்டரியின் நேர்முனை வழியாக மின்னோட்டம் உள்ளே நுழைகிறது, அது சார்ஜ் ஆகிறது. வீட்டில் கரண்ட் வந்ததும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நடப்பதும் இதுதான். பலமான பேட்டரியும் பலவீனமான பேட்டரியும் ஒரே சந்தியில் முட்டிக்கொண்டால் இப்படி ஆவது சாதாரணம்.

உண்மையான கோளாறு இதற்கு அடுத்த வரியில் வரும். கழித்தல் வந்துவிட்டதே என்று படத்தில் அம்பைத் திருப்பி வரைவார்கள், அப்புறம் பழைய சமன்பாட்டில் +1 என்று போடுவார்கள். ஐ3 = 2 + 1 = 3 என்று வந்து நிற்கும். அம்பைத் திருப்பினால் எல்லாச் சமன்பாட்டிலும் ஐ2-இன் குறி மாற வேண்டும். அம்பைத் தொடவில்லை என்றால் −1 என்பதை அப்படியே கழித்தலோடு பிரதியிட வேண்டும். பாதி இதுவும் பாதி அதுவும் கூடாது. என் பரிந்துரை: கணக்கு முடியும்வரை படத்தைத் தொடாதீர்கள். கடைசி வரியில் மட்டும் "வலது கிளையில் 1 ஆம்பியர், கீழ்நோக்கி" என்று எழுதுங்கள்.

அறிகுறி: 0 = 0 என்று வருகிறது, அல்லது கால்குலேட்டர் மேத் எரர் காட்டுகிறது

மூன்று தெரியாத எண்கள், மூன்று சமன்பாடுகள், சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றில் ஒன்று மற்ற இரண்டின் நகல். வழக்கமான வடிவம் இது: இடது லூப், வலது லூப், வெளிச் சுற்று என்று மூன்றையும் எழுதிவிட்டு, சந்தியை மறந்துவிடுவது. வெளிச் சுற்றை எழுதிப் பாருங்கள்:

12 − 2ஐ1 + 3ஐ2 − 5 = 0

இடது லூப் சமன்பாட்டிலிருந்து வலது லூப் சமன்பாட்டைக் கழித்தால் கிடைப்பதும் இதேதான். புதிதாக எதையும் சொல்லவில்லை. அதேபோல் மேல் சந்திக்கு ஒன்று, கீழ் சந்திக்கு ஒன்று என்று எழுதினாலும் இரண்டும் ஒன்றே.

எத்தனை எழுத வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. சந்திகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் சந்திச் சமன்பாடுகளின் எண்ணிக்கை. மீதியெல்லாம் லூப். மாதிரிச் சுற்றில் 3 கிளை, 2 சந்தி. ஆக 1 சந்திச் சமன்பாடு, 2 லூப் சமன்பாடு. வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் (நாற்கரமாக நான்கு மின்தடைகள், இரண்டு எதிர் மூலைகளுக்கு நடுவே ஒரு கிளை, மற்ற இரண்டு மூலைகளுக்கு நடுவே பேட்டரி) 6 கிளை, 4 சந்தி. ஆக 3 சந்தி, 3 லூப். லூப் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வந்தால், ஒவ்வொரு புது லூப்பிலும் இதுவரை தொடாத ஒரு கிளையாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்தால் நகல் வராது.

அறிகுறி: விடை வந்துவிட்டது, ஆனால் தப்பு

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படித்தாலும் நஷ்டமில்லை.

முதலில் சரிபார்க்கும் முறை. கிடைத்த எண்களை உங்கள் சமன்பாடுகளில் திரும்பப் போட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. சமன்பாடே தப்பு என்றால் தப்பான விடை அதில் கச்சிதமாகப் பொருந்தத்தான் செய்யும். படத்துக்குத் திரும்புங்கள். கீழ் சந்தியிலிருந்து மேல் சந்திக்கு மூன்று வழிகளிலும் ஏறிப் பாருங்கள். சரியான விடைக்கு:

இடது வழி: 12 − 2 × 2 = 8 வோல்ட்
நடு வழி: 8 × 1 = 8 வோல்ட்
வலது வழி: 5 + 3 × 1 = 8 வோல்ட்

மூன்றும் 8. சந்தியிலும் 2 + (−1) = 1. இரண்டு சோதனையும் தேறிவிட்டால் விடை சரி, புத்தகம் என்ன சொன்னாலும் சரி. (புத்தகத்தின் விடைப் பக்கத்திலும் அச்சுப் பிழை வருவதுண்டு.)

இப்போது வேண்டுமென்றே தப்பு செய்வோம். வலது லூப்பில் 5 வோல்ட் பேட்டரியின் குறியை மாற்றி −5 என்று போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்த்தால் ஐ1 = 86/23, அதாவது சுமார் 3.74; ஐ2 = −73/23, சுமார் −3.17; ஐ3 = 13/23, சுமார் 0.57. படத்தில் ஏறிப் பார்ப்போம்:

இடது வழி: 12 − 7.48 = 4.52
நடு வழி: 8 × 13/23 = 4.52
வலது வழி: 5 + 9.52 = 14.52

வலது வழி மட்டும் இடிக்கிறது. எவ்வளவு? சரியாக 10. அதை இரண்டால் வகுத்தால் 5. அதுதான் குறி தப்பிய பேட்டரி.

தற்செயல் இல்லை. ஓர் உறுப்பை + போட வேண்டிய இடத்தில் − போட்டால், படத்துக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த உறுப்பின் இரு மடங்கு. அதனால் ஏதாவது லூப் மூடாமல் மிச்சம் நின்றால், மிச்சத்தைப் பாதியாக்குங்கள். அந்த லூப்பில் எந்த உறுப்பின் மதிப்பு அதுவோ, குற்றவாளி அதுதான். மிச்சம் ஓர் உறுப்பின் மதிப்பாகவே இருந்தால், அந்த உறுப்பையே எழுத விட்டுவிட்டீர்கள். இரண்டுக்கும் பொருந்தாத மிச்சம் என்றால் கூட்டல் பெருக்கலில் எங்கோ சறுக்கல்.

இன்னொன்று. வலது லூப்பில் −8ஐ3 என்பதற்குப் பதில் +8ஐ3 என்று போட்டால் என்ன ஆகும்? ஐ1 = −50/7, ஐ2 = 73/7, ஐ3 = 23/7 என்று வரும். தசமத்தில் −7.14, 10.43, 3.29. இடது வழியில் 26.29 வோல்ட், நடு வழியிலும் 26.29, வலது வழியில் −26.29. வித்தியாசம் 52.57, பாதி 26.29. வலது லூப்பில் அந்த மதிப்புள்ள உறுப்பு 8ஐ3 தான்.

இந்தக் கடைசிப் பிழைக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எண்ணைப் பார்த்தவுடனே சந்தேகம் வர வேண்டும். சுற்றில் இருப்பது 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே மின்தடையின் மேல் விழுந்தாலும் 17 வோல்ட்டைத் தாண்டாது. 3 ஓம் வழியாக அதிகபட்சம் 17/3, அதாவது 5.67 ஆம்பியர். அதில் 10.43 எப்படிப் போகும்? பேட்டரியும் மின்தடையும் மட்டும் உள்ள எந்தச் சுற்றுக்கும் இந்த உச்சவரம்பு செல்லும். தேர்வில் பத்து வினாடி வேலை.

அப்புறம், பின்னத்தின் பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண். இது எனக்கு ரொம்பப் பிடித்த துப்பு. ஐ3-க்குப் பதில் ஐ1 + ஐ2 என்று போட்டால் மாதிரிச் சுற்று இப்படிச் சுருங்கும்:

10ஐ1 + 8ஐ2 = 12
8ஐ1 + 11ஐ2 = 5

அணிக்கோவை (கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தது) 10 × 11 − 8 × 8 = 46. விடைகள் 92/46, −46/46. இந்த 46 எங்கிருந்து வந்தது? 2 × 3 + 2 × 8 + 3 × 8. மூன்று மின்தடைகளையும் இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் அதே 46. பேட்டரிகள் இதில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பேட்டரியின் குறி தப்பினால் பகுதி 46-ஆகவே (சுருக்கினால் 23) இருக்கும், தொகுதி மட்டும் கெடும். மேலே 86/23 வந்ததைப் பாருங்கள். மின்தடை உறுப்பின் குறி தப்பினால் பகுதியே மாறிவிடும். 8ஐ3-இன் குறியை மாற்றியபோது வந்தது 2 × 3 + 3 × 8 − 2 × 8 = 14, சுருக்கினால் 7. நடுவில் ஒரு கழித்தல் நுழைந்துவிட்டது. மின்தடைச் சுற்றின் பகுதியில் கழித்தலுக்கு வேலையே கிடையாது. இதைப் பொதுவாக நிறுவியவரும் கிர்க்காஃப்தான். 1845-இல், கோனிக்ஸ்பெர்க்கில் 21 வயது மாணவராக இருந்தபோது, விதிகள் இரண்டையும் வெளியிட்டார். 1847-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் எத்தனை சமன்பாடு தேவை என்பதையும், பகுதியில் மின்தடைகளின் பெருக்கல்கள் கூட்டலாகவே வரும் என்பதையும் காட்டினார். நம் பாடப்புத்தகங்கள் விதிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பிழை பிடிக்க அந்த இரண்டாம் கட்டுரைதான் அதிகம் உதவுகிறது.

ஒரு பொறி மட்டும் மிச்சமிருக்கிறது. சந்திச் சமன்பாட்டையே தப்பாக எழுதினால், உதாரணமாக ஐ1 = ஐ2 + ஐ3 என்று, மூன்று வழிகளும் அழகாக ஒத்துப்போகும். எல்லா வழியிலும் 14.86 வோல்ட் வரும். லூப் சோதனை இதைப் பிடிக்காது. சந்தியில் கூட்டிப் பார்த்தால் ஐ1 + ஐ2 = −4.71, ஐ3 = 1.86 என்று உடனே அகப்படும். தவிர, 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே பக்கம் நேர்முனை காட்டி நிற்கும்போது சந்தி 14.86-க்கு ஏற வழியே இல்லை. 0-க்கும் 12-க்கும் நடுவில்தான் எங்காவது நிற்க வேண்டும்.

அறிகுறி: இரண்டு சமன்பாட்டிலும் குறுக்கு எண்கள் ஒத்துப்போகவில்லை

மேலே சுருக்கிய இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள். முதல் வரியில் ஐ2-இன் கெழு 8, இரண்டாம் வரியில் ஐ1-இன் கெழுவும் 8. பொதுக் கிளையில் இருக்கும் மின்தடை இரண்டு இடத்திலும் ஒரே எண்ணாக வந்தே ஆக வேண்டும். 10ஐ1 + ஐ2 = 12 என்று வந்திருந்தால், 8(ஐ1 + ஐ2) என்பதன் அடைப்புக்குறியை அவசரத்தில் விட்டுவிட்டு 8ஐ1 + ஐ2 என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பதற்கு முன்பே கண்ணில் படும் பிழை இது. பார்க்காமல் போனால்தான் பாவம்.

அறிகுறி: மெஷ் முறையில் ஒவ்வொரு லூப்பும் தனியாகவே தீர்ந்துவிடுகிறது

மெஷ் முறை என்றால், கிளைக்குக் கிளை மின்னோட்டம் வைக்காமல், ஒவ்வொரு உள் லூப்பையும் (மெஷ்) ஒரு மின்னோட்டம் சுற்றி வருவதாக வைப்பது. இடது மெஷ் மின்னோட்டம் 12/10 = 1.2 ஆம்பியர் என்று ஒரே வரியில் வந்துவிட்டதா? பக்கத்து மெஷ்ஷை மறந்துவிட்டீர்கள். வலது பேட்டரியை 5-லிருந்து 50 ஆக்கினாலும் இடது பக்கம் 1.2 மாறாது என்று உங்கள் சமன்பாடு சொல்கிறது. அது நடக்காது என்று தெரியுமல்லவா?

மெஷ் மின்னோட்டங்களை ம1, ம2 என்று வைத்து இரண்டையும் கடிகார திசையிலேயே சுற்றவிடுங்கள். நடு 8 ஓமில் ம1 கீழே போகிறது, ம2 மேலே வருகிறது. ஆக அங்கே உண்மையில் போவது ம1 − ம2.

10ம1 − 8ம2 = 12
−8ம1 + 11ம2 = −5

இரண்டையும் ஒரே திசையில் எடுத்தால் மூலைவிட்டத்தில் கூட்டல், குறுக்கே கழித்தல், குறுக்கு எண்கள் சமம். ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம். அதற்காகவே எப்போதும் கடிகார திசை என்று பழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்வேன். விடை ம1 = 2, ம2 = 1.

இங்கே இன்னொரு வழக்கமான தடுமாற்றம்: ம1 = 2 என்று கண்டுபிடித்துவிட்டு, நடுக் கிளையிலும் 2 ஆம்பியர் என்று எழுதிவிடுவது. மெஷ் மின்னோட்டம் வேறு, கிளை மின்னோட்டம் வேறு. நடுக் கிளையில் 2 − 1 = 1. வலது கிளையில் ம2 கீழ்நோக்கிப் போகிறது, ஆகவே நம் பழைய ஐ2 = −1. மெஷ் முறையில் சந்தி விதி தானாகவே பொருந்திவிடும் என்பதால், சந்தியில் கூட்டிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். இந்த முறைக்கு லூப் சோதனைதான் சோதனை.

அறிகுறி: 0 = 7 போல அபத்தமாக வருகிறது

மின்தடையே இல்லாத ஒரு லூப்பில் இரண்டு பேட்டரிகள் நேருக்கு நேர் நிற்கின்றன. 12 − 5 = 0 என்று சமன்பாடு சொல்கிறது. பேட்டரியின் அக மின்தடையைக் கேள்வி கொடுத்திருக்கும், நீங்கள் படத்தில் வரையாமல் விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே அதை ஒரு தனி மின்தடையாக வரைந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கொடுக்கவே இல்லை என்றால் படத்தை மறுபடி பாருங்கள், ஒரு மின்தடையை வெறும் கம்பி என்று நினைத்திருக்கலாம்.

அறிகுறி: விடை ஆயிரம் மடங்கு கூட அல்லது குறைய

கிலோ ஓமும் ஓமும் ஒரே சமன்பாட்டில் கலந்துவிட்டன. 2.2 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 470 ஓம் வந்தால் அதை 0.47 என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் கிலோ ஓமில் வைத்து, வோல்ட்டை வோல்ட்டாகவே விட்டால், மின்னோட்டம் நேராக மில்லி ஆம்பியரில் வரும். பத்தின் அடுக்குகளைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரு கிளையில் சுழியம் வருகிறது

பிழையாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் எதிரெதிர்க் கைகளின் பெருக்கற்பலன் சமமாக இருந்தால் நடுக் கிளையில் சுழியம்தான் வர வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன்பே அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சமம் என்றால் நடுக் கிளையைப் படத்திலிருந்தே எடுத்துவிடலாம், ஆறு தெரியாத எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மின்தேக்கி உள்ள கிளையும் அப்படியே: நேர்மின்னோட்டச் சுற்றில் நிலைத்த நிலை வந்த பிறகு அதில் மின்னோட்டம் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் புவி இணைப்புக் குறி இருந்தால் அதன் வழியாகவும் எதுவும் போகாது. இரண்டு இடத்தில் இருந்தால் மட்டும் கவனம், அந்த இரண்டு புள்ளியும் ஒரே சந்தி.

அறிகுறி: தாளில் சரி, மீட்டரில் வேறு

மாதிரிச் சுற்றை அப்படியே கட்டிவிடாதீர்கள். 8 ஓமில் 1 ஆம்பியர் என்றால் 8 வாட். கடையில் கிடைக்கும் கால் வாட் மின்தடை புகைந்துவிடும். 2.2, 3.3, 8.2 கிலோ ஓம் என்று எடுத்துக்கொண்டால் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் துளைகளில் செருகிச் சுற்றுக் கட்டும் பலகை) நிம்மதியாகக் கட்டலாம். 12 வோல்ட், 5 வோல்ட்டுக்கு இடது கிளையில் 1.85, வலது கிளையில் −0.89, நடுவில் 0.97 மில்லி ஆம்பியர் வர வேண்டும்.

சில சதவீத வித்தியாசம் என்றால் கவலைப்பட எதுவும் இல்லை. தங்க நிற வளையம் போட்ட மின்தடைக்கு 5 சதவீதம் கூடக்குறைய இருக்க உரிமை உண்டு. பேட்டரியின் மேல் அச்சடித்த எண்ணையும் நம்ப வேண்டாம். சுற்றில் இணைத்தபடியே அதன் முனைகளில் வோல்ட் அளந்து, அந்த எண்ணைச் சமன்பாட்டில் போடுங்கள். மின்னோட்டத்தை அளக்க மீட்டரைக் கிளைக்குள் நுழைப்பதைவிட, மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட்டை அளந்து ஓமால் வகுப்பது நல்லது. கம்பியைக் கழற்ற வேண்டாம், மீட்டரின் சொந்த மின்தடை சுற்றில் சேராது, ஆம்பியர் துளையில் சிவப்பு வயரை வைத்துக்கொண்டு மறந்துபோய் வோல்ட் அளந்து ஃபியூஸைப் போக்குவதும் நடக்காது.

சதவீதக் கணக்கில் அடங்காமல் பெரிதாக இடித்தால், 5 வோல்ட்டுக்கு எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். செல்போன் சார்ஜர் போன்ற அடாப்டர் என்றால் சந்தேகமே வேண்டாம். கிளை மின்னோட்டம் கழித்தலில் வந்தது நினைவிருக்கிறதா? அந்த 5 வோல்ட் மூலம் மின்னோட்டத்தை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். அடாப்டருக்குப் பெரும்பாலும் வெளியே தள்ளத்தான் தெரியும். வாங்க முடியாமல் திணறும்போது அதன் முனைகளில் வோல்ட் 5-ஐத் தாண்டி ஏறும். அது முழுக்கக் கதவடைத்துவிட்டால் வலது கிளை இல்லாதது போலவே ஆகி, இடது கிளையில் 12/10.4, அதாவது 1.15 மில்லி ஆம்பியர் மட்டும் ஓடும். 1.85-க்குப் பதில் 1.15 பக்கம் ஏதாவது வந்தால் விஷயம் இதுதான். 5 வோல்ட் கிடைக்கட்டும் என்று சாதாரண உலர் மின்கலங்களை அடுக்கி, அவற்றுக்குள் தலைகீழாக மின்னோட்டத்தைத் தள்ளவும் வேண்டாம், அவை கசியும்.

தீர்வு எளிது. அடாப்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1 கிலோ ஓம் மின்தடையைப் போடுங்கள். அது 5 மில்லி ஆம்பியர் இழுக்கும். மேல் சந்தியிலிருந்து வரும் 0.89 அதற்குள்ளேயே போய்விடும், மீதி 4.11-ஐ அடாப்டர் தன் வழக்கப்படி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். முனைகளில் 5 வோல்ட் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று மின்தடைகளின் வோல்ட்டையும் மறுபடி அளந்து பாருங்கள்.